வாத்தியக்காரர் இல்லாத கச்சேரி

திரையில் தெரிவது பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே 1862-இல் வரைந்த ‘துய்லரி தோட்டத்தில் இசை’. பெயரில்தான் இசை, படத்தில் ஒரு வயலின்கூட அகப்படாது. பாரிஸில் அரண்மனையை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் வாரம் இரண்டு நாள் கச்சேரி நடக்கும். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பெரிய இடத்து ஆட்களெல்லாம் உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக அங்கே வந்துவிடுவார்கள். கேட்கவா வந்தார்கள்? ஒருவர் குனிந்து பேசுகிறார், இன்னும் சிலர் கூடி நின்று அரட்டை, குழந்தைகள் கீழே உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம், முன்னால் மஞ்சள் உடையில் நீல ரிப்பனோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கவனியுங்கள், முக்கியமாக இடப்பக்கம் இருப்பவரை. அவர் நேரே நம்மைப் பார்க்கிறார். வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் மானே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் என்பது என் கணிப்பு. அதனால்தான் நமக்குக் கச்சேரி தெரியவில்லை, வந்தவர்கள் மட்டும் தெரிகிறார்கள்.

வலப்பக்கம் மரத்தடியில் மூக்குக் கண்ணாடியும் மீசையுமாக இருப்பவர் ஓஃபன்பாக். ஊரே முணுமுணுத்த மெட்டுகளைப் போட்ட ஆள், இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்! கவிஞர் போதலேர் இடப்பக்கம் நிற்கிறார், ஆனால் அவர் முகம் நாலைந்து தூரிகைத் தீற்றல்தான். படத்தின் நடுவிலோ, கண் போய் நிற்க வேண்டிய இடத்தில், வெறும் கலங்கல். 1863-இல் மார்த்தினே என்பவரின் காட்சிக்கூடத்தில் இதைத் தொங்கவிட்டபோது பார்த்தவர்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை, அரைகுறையாக விட்ட படத்தைக் காட்டுகிறானே என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம் இது என்று நாலு வருடம் கழித்து எழுத்தாளர் எமில் ஸோலா எழுதினார், ஆக இன்று பின்வரிசைக்காரர்களுக்குத்தான் யோகம்.

இது பணக்காரர்களைக் கிண்டல் செய்யும் படம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடது ஓரத்தில், சட்டகம் பாதி வெட்டிவிட்ட மாதிரி நிற்கிற தாடிக்காரர் மானேதான். அவர் தலையிலும் அதே தொப்பி, சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் அவருடைய சிநேகிதர்கள், நடுவில் சற்று வலமாகக் குனிந்து நிற்பவர் சொந்தத் தம்பி.