எதை வைப்பது, எதை அழிப்பது?

நேயர்களுக்கு வணக்கம். இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் நிறைந்து கிடக்கும் நகல்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஆதார் என்று ஒரு பிடிஎஃப் இருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 1 போட்ட ஆதார், அதற்கடுத்து 2 போட்ட ஆதார். டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’, அதற்குள் இன்னொரு ‘நியூ ஃபோல்டர்’, அதற்குள் போன பொங்கலுக்கு எடுத்த போட்டோக்கள். அதே போட்டோக்கள் டி டிரைவிலும் உண்டு, பென் டிரைவிலும் உண்டு. சி டிரைவில் சிவப்புக் கோடு வந்ததும்தான் இதில் எதை அழிக்கலாம் என்ற கேள்வி வருகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடுவிலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பெயரைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள். பெயர் என்பது டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு. மல்லித்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள் இருக்கலாம். உள்ளே இருப்பதுதான் ஃபைல்.

அந்த ஆதாரையே எடுத்துக்கொள்வோம். 1, 2 என்று எண் போட்டிருப்பதால் மூன்றும் ஒன்றே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆதார் பிடிஎஃப்பில் அதை டவுன்லோட் செய்த தேதியும் அச்சாகிறது. போன வருடம் எடுத்ததும் இந்த மாதம் எடுத்ததும் கம்ப்யூட்டர் கணக்கில் வேறு வேறு ஃபைல்கள். நடுவில் முகவரி மாற்றியிருந்தால் பழையதில் பழைய முகவரி இருக்கும், அழிக்க வேண்டியது அதைத்தான். எண் போடாத முதல் ஃபைல்தான் அசல் என்று எண்ணி, எண் போட்ட புதியதை அழித்துவிடுபவர்கள் நிறையப் பேர். திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாஸ்வேர்ட் மறந்திருந்தால், உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் கேப்பிட்டலில், அதை ஒட்டிப் பிறந்த வருடம், மொத்தம் 8.

சரி, இரண்டு ஃபைல்கள் அச்சு அசலாக ஒன்றுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் சோதனை அளவு. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போனால் ‘சைஸ்’ என்ற வரியில் 2.31 எம்பி என்று காட்டும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பைட் கணக்கு இருக்கும். அந்த பைட் கணக்கைப் பாருங்கள். 24,23,100 பைட்டும் 24,23,344 பைட்டும் வெளியே 2.31 எம்பி என்றே தெரியும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கீழே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரி இதற்கு உதவாது. டிஸ்கில் இடம் பெரும்பாலும் 4 கேபி கட்டங்களாகத்தான் ஒதுக்கப்படுகிறது, அதனால் வேறு வேறு ஃபைல்களுக்கும் அந்த எண் ஒன்றாக வரலாம்.

பைட் கணக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். அதற்குத்தான் விரல்ரேகை. ஃபைல் முழுவதையும் படித்துக் கணக்குப் போட்டு 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி கொடுக்கும் முறை இருக்கிறது, அதற்கு ஷா 256 என்று பெயர். உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த வரி அடியோடு மாறிவிடும். விண்டோஸிலேயே இந்த வசதி உண்டு. ஸ்டார்ட்டில் பவர்ஷெல் என்று தேடித் திறந்து, ‘கெட்’, ஒரு சின்னக் கோடு, ‘ஃபைல்ஹேஷ்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து, பிறகு ஒரு இடைவெளி விட்டு, ஃபைலை மவுஸால் இழுத்து அந்த ஜன்னலில் விட்டு, என்டர் தட்டுங்கள். இரண்டு ஃபைல்களுக்கும் வரும் வரி ஒன்றானால், பெயர் என்னவாக இருந்தாலும் ஃபைல் ஒன்றுதான். டூப்ளிகேட் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்களில் பலவும் இதையேதான் செய்கின்றன. முதலில் அளவு ஒத்துப்போகிறவற்றைப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் விரல்ரேகை எடுக்கின்றன.

இனி போட்டோ. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், வீடுகளில் அதிகமாக இழப்பு நடப்பது இங்கேதான்.

ஒன்று என்பது வேறு, ஒரே மாதிரி என்பது வேறு. கல்யாணத்தில் போனில் எடுத்த ஒரு படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம், 3 அல்லது 4 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். போய்ச் சேர்வது ஏறக்குறைய 1600 புள்ளி அகலம், சில நூறு கேபிக்குள். போன் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அச்சுக்குக் கொடுக்கும்போதுதான் உண்மை தெரியும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4000 புள்ளிப் படம் 13 அங்குலம் வரை தெளிவாக வரும். 1600 புள்ளிப் படம் 5 அங்குலத்தைத் தாண்டினாலே கலங்கத் தொடங்கும். 12 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு அது போதாது.

இன்னொரு இழப்பும் உண்டு. அசல் படத்துக்குள் எடுத்த தேதி, நேரம், கேமராவின் விவரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் போய் வந்த படத்தில் அவை இருக்காது. கம்ப்யூட்டரில் ப்ராப்பர்ட்டீஸில் ‘டீட்டெய்ல்ஸ்’ போய்ப் பாருங்கள், ‘டேட் டேக்கன்’ என்ற இடம் காலியாக இருந்தால், அந்தப் படம் எங்கோ சுருங்கி வந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பெயரில் டபிள்யூ ஏ என்ற எழுத்தும் நாலு எண்ணும் இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது. அந்தப் பெயரையும் முழுதாக நம்ப வேண்டாம், யாராவது மாற்றியிருக்கலாம். பெயரைப் பார்த்து அழிக்காதீர்கள் என்று சொன்னேனே, அதேதான்.

இப்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். இடம் போதவில்லை என்று ‘ஒரே மாதிரிப் படங்களைத் தேடு’ என்ற வசதியைப் போடுகிறோம். 4 எம்பி அசலையும் 200 கேபி வாட்ஸ்அப் நகலையும் அது ஜோடியாகக் காட்டுகிறது. இடம் வேண்டும் என்ற அவசரத்தில் பெரியதை டிக் செய்து அழித்துவிடுகிறோம். இடம் கிடைத்துவிட்டது, ஆனால் அசல் போய்விட்டது. படங்களைப் பொறுத்தவரை ஜோடியில் பெரியதை வையுங்கள், சிறியதை அழியுங்கள். இன்னொரு முறையும் சொல்கிறேன்: பெரியதை வையுங்கள். இனிமேல் நல்ல படத்தை யாருக்காவது அனுப்பும்போது, போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள், சுருங்காமல் அப்படியே போகும். எச்டி என்று தேர்ந்தால் கூடுதல் தெளிவு கிடைக்கும், ஆனால் அதுவும் அசல் ஆகாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, ஐஓஎஸ் 16 முதல் போட்டோஸ் ஆப்பிலேயே ‘டூப்ளிகேட்ஸ்’ என்று ஒரு ஆல்பம் இருக்கிறது. அதில் ‘மெர்ஜ்’ கொடுத்தால் நல்ல தரத்தில் உள்ளதை அதுவே வைத்துக்கொள்ளும்.

அழிக்கும் வேலைக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் ஒரு முறை காப்பி எடுத்துவிடுங்கள், நகல்களோடு சேர்த்து அப்படியே. குழப்பத்தோடு இருந்தாலும் பரவாயில்லை. எங்காவது தொலைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஆறு இடத்தில் காப்பி போடுகிறோம். நம்பகமான ஒரு பேக்கப் இருந்தால் அந்த ஆறும் தேவையில்லை. பென் டிரைவுக்குக் காப்பி செய்யும்போது, 32 ஜிபி காலியாக இருந்தும் கல்யாண வீடியோ மட்டும் ஏறவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பென் டிரைவ், ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபேட் 32 என்ற பழைய முறையில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட் என்று தேர்ந்து ஃபார்மேட் செய்தால் ஏறும்.

பேக்கப் ஆனதும் தேடும் சாஃப்ட்வேர். டூப்குரு என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் ஸ்டாண்டர்டு முறையில் ‘கன்டென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள், ‘ஃபைல்நேம்’ வேண்டாம். பெயரை நம்ப வேண்டாம் என்பதற்கு இங்கேயும் அதே காரணம்தான். பிறகு எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று சேர்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நிலை இருக்கும். ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் உங்கள் முக்கியமான ஃபோல்டருக்கு ‘ரெஃபரன்ஸ்’ என்று கொடுங்கள். அப்படிக் கொடுத்ததில் உள்ள ஃபைலை அது அழிக்க விடாது, மற்ற இடங்களில் உள்ள நகல்களைத்தான் டிக் செய்ய விடும். இந்த ஒரு செட்டிங் பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும். முடிவுகள் வந்ததும் நேரே டெலீட் கொடுக்காமல் ‘மூவ்’ கொடுத்து, ‘அழிக்கலாம்’ என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒரு மாதம் எதையும் தேடி அங்கே போகவில்லை என்றால் அதன் பிறகு அழியுங்கள். பென் டிரைவில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஷிஃப்ட் அழுத்தி டெலீட் கொடுத்தாலும் போகாது. அங்கெல்லாம் அழித்தால் அழித்ததுதான்.

தேடக் கூடாத இடங்கள் உண்டு. விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ், யூசர் பெயருக்குள் இருக்கும் ஆப்டேட்டா, கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்களின் டேட்டா ஃபோல்டர் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். டிஎல்எல் என்பது ப்ரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல். ஒரே டிஎல்எல் ஃபைல் ஐந்து ப்ரோகிராம்களில் தனித்தனியே இருந்தால் அது தேவைக்காகத்தான் இருக்கிறது, ஒன்றை எடுத்தால் அந்த ப்ரோகிராம் திறக்காது. விண்டோஸுக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு ஃபோல்டர் பல ஜிபி காட்டும். அதில் பெரும்பகுதி ஒரே ஃபைலுக்கு வைத்த இரண்டாவது பெயர், அழித்தாலும் காட்டும் அளவுக்கு இடம் கிடைக்காது, விண்டோஸ்தான் கெடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம், இதை வேறு எங்கும் சொல்லிக் கேட்க மாட்டீர்கள். கௌரி என்று அடிக்கும்போது சிலர் ஔகாரத்துக்குரிய குறியைப் போடாமல், ஒற்றைக்கொம்பு போட்டு, ககரத்துக்குப் பின் ளகர எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குக் கௌரிதான். கம்ப்யூட்டருக்கு அது கெ, ள, ரி. தேடினால் கிடைக்காது, கிடைக்காததால் இன்னொரு காப்பி போடுவோம். ஸ்ரீ என்ற எழுத்தும் இப்படித்தான். யூனிகோடில் அது இரண்டு விதமாக உருவாகிறது, ஒன்று நமக்குப் பழக்கமான ஸகரத்தோடு, இன்னொன்று ஶகரத்தோடு. ஒரே இடத்தில் ‘ஸ்ரீரங்கம்’ என்று இரண்டு ஃபோல்டர்கள் பக்கம் பக்கமாக நின்றால் பயப்பட வேண்டாம், இதுதான் காரணம். ஒன்றில் எஃப்2 தட்டிப் பெயரைக் காப்பி செய்து, மற்றதில் எஃப்2 தட்டி ஒட்டுங்கள். இரண்டையும் சேர்க்கவா என்று விண்டோஸே கேட்கும்.

நகல் புதிதாகச் சேராமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. போனிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ காப்பி செய்யும்போது அதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் ஒரு கட்டம் வரும். அவசரமாக ‘ரீப்ளேஸ்’ கொடுக்காமல், ஒவ்வொன்றாக முடிவு செய்யும் மூன்றாவது வரியைத் தட்டுங்கள். அடுத்த கட்டத்தின் அடியில், தேதியும் அளவும் ஒன்றாக உள்ளவற்றைத் தவிர்க்க ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் ஏற்கெனவே இருப்பவற்றை விட்டுவிடும், வேறுபடுகிறவற்றை மட்டும் உங்கள் முன் வைக்கும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதைப் பற்றியும் 500 ஜிபி டிஸ்க் ஏன் 465 என்று காட்டுகிறது என்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்க் செய்பவர்கள் 1000 1000 ஆக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 1024 ஆக எண்ணுகிறது, எதுவும் குறையவில்லை. கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் கணக்கிலும் சேர்ந்தே போய்விடும், போனில் மட்டும் இடம் வேண்டுமானால் அதிலுள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தட்டுங்கள். மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் கொடுத்து மறுபடி போட்டால் போதாது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இயங்கினால் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துத்தான் அது அணையும். ரீஸ்டார்ட் கொடுங்கள், அதில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். நன்றி, வணக்கம்.