ஏட்டுச் சுரைக்காயும் ஆட்டுக்குடல் நரம்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் நிறைவாகப் பேசி அமர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி முதல் ஒலிபெருக்கி வரை தன் செலவில் ஏற்பாடு செய்த வாசகர் வட்டப் பொருளாளர் அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். அதைக் கறியாக்கிப் பந்தியில் பரிமாறிய ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆஸ்திரிய இசை நடத்துநர் நிக்கோலாஸ் ஹார்னோன்கூர். 1929இல் பெர்லினில் பிறந்தவர், 2016இல் மறைந்தார். பழைய இசையை அந்தக் காலத்துக் கருவிகளிலேயே அவர் எப்படி மீட்டெடுத்தார் என்று சொல்கிறேன்.

1952இல் வியன்னா சிம்பனி இசைக்குழுவில் செல்லோ என்ற பெரிய வயலின் வகைக் கருவியை வாசிக்கச் சேர்ந்தார். அடுத்த வருஷமே மனைவி ஆலிஸோடும் சில நண்பர்களோடும் ‘கான்சென்டஸ் மியூசிகஸ்’ என்ற சிறு குழுவைத் தொடங்கினார். தொடங்கினாரே தவிர, மேடை ஏறவில்லை. பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் படிப்பது, அந்தக் காலத்துக் கருவிகளைத் தேடிப் பிடிப்பது, ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய வயலினில் வில் எப்படிப் பேசுகிறது என்று வீட்டு அறையில் கூடிப் பழகுவது. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை ஐயா, நாலு வருஷம்! கைதட்ட ஓர் ஆள் கிடையாது. 1957இல்தான் முதல் கச்சேரி.

அப்புறம் 1969. மொசார்ட் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய ஜி மைனர் சிம்பனி, 40ஆவது. அவர் காதில் விழுந்ததெல்லாம் கலக்கமும் வேதனையும். மேடையிலோ அது இனிப்பாக ஓடுகிறது, சபை சுகமாகத் தலையாட்டுகிறது. இனி இப்படி வாசிக்க முடியாது என்று பதினேழு வருஷ வேலையை விட்டுவிட்டார். சம்பளத்தை விட்டவர் ஏட்டை விடவில்லை. 1971 முதல் டச்சு இசைக்கலைஞர் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டோடு சேர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் தேவாலயக் கான்டாட்டாக்களை, அதாவது வழிபாட்டில் கருவிகளோடு பாடும் இசைப் படைப்புகளை, பழைய கருவிகளில் பதிவு செய்யத் தொடங்கினார். முடிக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் ஏடே கரையானுக்குப் போய்விட்டால் சமைக்க வருகிறவர் எதைப் பார்த்துச் சமைப்பார்? பாகின் பிரதிகளை யாரோ பூட்டிக் காத்தார்கள், கேட்டபோது திறந்தும் கொடுத்தார்கள். நம் நூலக மாடி அறையில் பழைய ஸ்வரக் குறிப்பு நோட்டுகளும் இசைத்தட்டுகளும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பூட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. போன மழையில் ஒரு கட்டு நனைந்து ஊறிப்போனதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த அறையைத் திறந்து, கூரையைச் சரிசெய்யக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்திலேயே பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.