கொம்பை எங்கே ஒட்டுவது?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

யூனிகார்ன் படம் இல்லாத பென்சில் டப்பா இப்போது கடையில் கிடைப்பதே அரிது. வெள்ளைக் குதிரை, வானவில் பிடரி, ஜிகினாக் கொம்பு. இல்லாத விலங்கைப் பற்றி வகுப்பில் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. யானையைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். யூனிகார்னைப் பற்றிச் சொன்னால்தான், "இதை யார் பார்த்தார்கள்?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே நான் யூனிகார்னின் கட்சி.

யார் பார்த்தார்கள்? ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பிய பதில், க்டீசியாஸ் என்ற கிரேக்க மருத்துவருடையது. பாரசீக அரசவையில் இருந்தவர்; சுமார் கி.மு. 400இல் இந்தியாவைப் பற்றி நூல் எழுதினார். இந்தியாவில் கால் வைத்தவரில்லை, எல்லாம் கேள்வி ஞானம்! இங்கே வெள்ளை உடம்பும் செந்நிறத் தலையும் நீலக் கண்ணும் கொண்ட காட்டுக் கழுதை இருக்கிறது என்று எழுதினார். அதன் கொம்பு ஒரு முழ நீளம். அடி வெள்ளை, நடு கறுப்பு, நுனி சிவப்பு. அந்தக் கொம்பில் நீர் குடித்தால் விஷம் தாக்காது என்றார். இதை வாசித்துவிட்டு, எந்தப் படத்தையும் காட்டாமல், பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். கொம்பின் மூன்று நிறமும் சரியாக வந்துவிடும். மற்றதெல்லாம் ஆளுக்கொரு மிருகமாக இருக்கும். எல்லாப் படங்களையும் ஒரே சுவரில் ஒட்டிவையுங்கள்.

அடுத்து மார்க்கோ போலோ. சுமத்ராவில் இருக்கும் யூனிகார்ன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எருமை மயிர், யானைக் கால், நெற்றி நடுவே கரிய கொம்பு, சேற்றில் புரள்வதில் ஆசை; பார்க்கச் சகிக்காத பிராணி என்று அலுத்தும் கொள்கிறார். இந்த அடையாளங்களைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குழந்தையாவது காண்டாமிருகம் என்று கத்திவிடும்.

ஐரோப்பியர் பெரும் பணம் கொடுத்து வாங்கிய யூனிகார்ன் கொம்போ, பெரும்பாலும் வடதுருவக் கடலில் வாழும் நார்வால் திமிங்கலத்தின் பல். மேல்தாடையின் இடப்பக்கப் பல் உதட்டைத் துளைத்துக்கொண்டு, முறுக்கியபடி 2.5 மீட்டருக்கும் மேல் வளர்வதுண்டு. 1638இல் ஓலே வோர்ம் என்ற டென்மார்க் மருத்துவர் இதை விளக்கிவிட்டார். அதற்குப் பிறகும், அதே நூற்றாண்டில், அந்நாட்டு மன்னர்களுக்கு அந்தப் பல்லாலேயே முடிசூட்டு நாற்காலி செய்தார்கள்! செய்தித்தாளைச் சுருட்டி, கயிறு சுற்றி, அந்த நீளத்துக்கு ஒரு பல் செய்யுங்கள். வகுப்பறைக் கதவுக்குள் அதை நிமிர்த்திக் கொண்டுபோக முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். சிந்துவெளி முத்திரைகளில், விலங்கு உருவம் பொறித்தவற்றில் பாதிக்கு மேல் ஒற்றைக் கொம்பு விலங்குதான். க்டீசியாஸுக்கு 1500 ஆண்டுகளுக்கும் முந்தியவை அவை. காளை உடம்பு; கழுத்தடியில் தாங்கி போன்ற ஒரு பொருள் நிற்கிறது, அது என்னவென்று ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு ஓயவில்லை. பல முத்திரைகள் பெரிய தபால்தலை அளவுதான், பக்கத்துக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. கல்சட்டி செய்கிற மாக்கல்லின் இனத்தில் செதுக்கி, சூளையில் சுட்டிருக்கிறார்கள். முதுகில் ஒரு குமிழ், குமிழில் கயிறு கோக்கத் துளை.

மாக்கல்லுக்குப் பதில் நமக்குக் குளியல் சோப்பு போதும். ஒரு துண்டில் விலங்கையும், அதன் தலைக்கு மேல் தன் பெயரின் முதல் எழுத்தையும் பிள்ளை கீறட்டும். பிறகு ஈரக் களிமண்ணில் அழுத்தச் சொல்லுங்கள். எழுத்து இடம் வலமாக மாறி விழும். ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டாம். அடுத்த சோப்புத் துண்டைக் கொடுங்கள், பிள்ளையே திருப்பிக் கீறும்.

அதன்பின் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடுங்கள். பக்கவாட்டில் நிற்கும் சாதாரணக் காளைதானே இது, ஒரு கொம்பு மற்றதை மறைக்கிறது என்று சிலர் சொன்னார்கள். நியாயமான பேச்சு. ஆனால் திமில் காளை முத்திரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதுவும் பக்கவாட்டில்தான் நிற்கிறது, கொம்போ இரண்டும் தெரிகிறது. அதோடு சிந்துவெளி ஊர்களான ஹரப்பாவிலும் சன்ஹுதாரோவிலும் ஒற்றைக் கொம்புச் சுடுமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்கக்கூடிய பொம்மையில் எந்தக் கொம்பும் எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. சோப்பில் கீறியபோது நழுவிப்போன கேள்வி, களிமண்ணைப் பிசையும் பிள்ளையிடம் வந்து நிற்கும்: கொம்பை எங்கே ஒட்டுவது?

அந்தச் சிந்துவெளிக்காரர்கள் அப்படியொரு விலங்கைக் கண்ணால் கண்டார்களா என்று அடுத்து கேட்பார்கள். அப்படியொரு விலங்கின் எலும்பு இதுவரை கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய படங்களை மறுபடி பார்க்கவும் சொல்லுங்கள்.

என் பேச்சு போதும். மேசைகளில் சோப்பும் களிமண்ணும் இருக்கின்றன. கத்தி வேண்டாம், ஐஸ்கிரீம் குச்சியே நன்றாகக் கீறும். முதலில் நீங்கள் செய்து பாருங்கள். பிள்ளைகள் நான்கு மணிக்கு வருகிறார்கள்.