நீற்றறைக்குள் இளவேனில்

(சிங்கப்பூரில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் கையில் ஈரக்குடை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும் அக்காவைப் பார்த்ததும், இன்றைய பொருளுக்கு வேறு உதாரணமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அக்கா, பின்னால் சுவரோரம் ஒரு வாளி இருக்கிறது. அதில் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.

சரி. சரணாகதியாலும் தியானத்தாலும் வாழ்க்கையின் அழகைக் காண்பது எப்படி? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தது ஒரு சுண்ணாம்புக் காளவாய்.

7ஆம் நூற்றாண்டு. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பர் மீது பல்லவ மன்னனுக்குக் கோபம். நீற்றறையில் அடைத்துப் பூட்டச் சொல்கிறான். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீறாக்குகிற இடம் அது. ஏழு நாள் உள்ளே இருந்தார் என்கிறது பெரியபுராணம். அங்கே அவர் பாடிய பாட்டை உங்கள் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

பிள்ளைகள் மழலையில் பாடும்போது நாமும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எங்கே உட்கார்ந்து பாடியது என்பது மறந்துபோகிறது. நெருப்புக்கு நடுவில் இருப்பவர் என்ன கேட்பார்? காப்பாற்று என்பார், கதவைத் திற என்பார். இவர் பட்டியல் போடுகிறார். காதுக்கு வீணை, கண்ணுக்கு நிலா, உடம்புக்குத் தென்றல். வண்டு மொய்க்கும் குளம். அப்புறம் இளவேனில். இந்த ஒரு சொல்லில்தான் நான் ரொம்ப நாள் நின்றேன். வேனில் என்றாலே வெயில் காலம்தானே? காளவாய்க்குள் இருப்பவருக்கு வெயில் ஞாபகம் வரலாமா? வந்திருக்கிறது, இளவேனிலாக. சூடு இல்லை என்று அவர் சொல்லவில்லை. சூட்டுக்கு வேறு பெயர் வைக்கிறார். கடைசியில் அவர் சொல்லும் 'நீழல்' நிழல்தான். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற இந்த ஊரில் நிழலின் அருமையை யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இது கதவு திறந்து வெளியே வந்த பிறகு பாடிய நன்றிப் பாட்டு இல்லை. உள்ளே இருந்தபோதே பாடியது. முடிவு என்னவென்று தெரியாதபோது பாடியது.

இப்படிப் பாட அவரால் எப்படி முடிந்தது என்பதற்கு அவரே வேறோரிடத்தில் விடை வைத்திருக்கிறார். 'என் கடன் பணி செய்து கிடப்பதே.' இந்த வரி நம் எல்லாருக்கும் மனப்பாடம். நன்றியுரையில் சொல்வோம், அழைப்பிதழில் அச்சடிப்போம். அதற்கு முந்தைய வரியை மட்டும் விட்டுவிடுவோம். 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்.' வேலை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது, கவனியுங்கள். பணி செய்வது என்னுடையது, தாங்குவது அவனுடையது. நாம் என்ன செய்கிறோம்? நம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அவன் வேலையைப் பார்க்கிறோம். பிள்ளையின் தேர்வு, வீட்டுக்கடன், ஊரில் இருக்கும் அம்மாவின் உடம்பு, எல்லாவற்றையும் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் புரண்டுகொண்டே தாங்கிக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற ரயிலில் ஏறிய பிறகும் மூட்டையைத் தலையில் வைத்திருப்பவன் என்று ரமணர் சொன்னது நம்மைத்தான். நம் எம்ஆர்டி ரயிலில் பாருங்கள், இருக்கை கிடைத்த பிறகும் கனமான பையைத் தோளிலேயே மாட்டியிருப்பார்கள். நானும் அப்படித்தான்.

சரணாகதி என்றால் சும்மா இருப்பது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பர் கையில் கடைசிவரை இருந்தது உழவாரம், கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிற கருவி. அவ்வளவுதான், அதற்கு மேல் இதில் வாதாட ஒன்றுமில்லை.

நம் தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் காவடி எடுத்து, 3 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, டேங்க் சாலை தெண்டாயுதபாணியிடம் போகிறோம். 1859இல் செட்டியார்கள் எழுப்பிய கோயில். காவடி எங்கிருந்து வந்தது? அகத்தியர் சொன்னார் என்று இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தான். களைத்துப்போய் ஓரிடத்தில் இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கினால் வரவில்லை. அந்த இடம்தான் பழனி. தூக்கியதற்காக இல்லை, இறக்கி வைத்த இடத்துக்காகத்தான் அந்தக் கதையையே சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். காவடி எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டேங்க் சாலையில் தோளிலிருந்து அதை இறக்கியவுடன் ஒரு காற்று வந்து படும். அந்தக் காற்று காலையிலிருந்தே அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தியானம் என்று நான் சொல்வதும் இந்த இறக்கி வைப்பதைத்தான். தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பது. முதல் ஆறு மாதம் நான் கண்ணை மூடிக்கொண்டு மத்திய சேம நிதிக் கணக்குத்தான் போட்டேன். வட்டி வரைக்கும் துல்லியமாக வரும். அமைதி மட்டும் வராது. எனக்கு அமைதி வேண்டும் என்பதையே ஒரு மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தேன்.

எப்போது இறங்கியது என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் மனைவிக்கு இதய ஆப்பரேஷன். தாள்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே நின்று ஃபோனில் எதையெதையோ தேடிக்கொண்டிருந்தேன். தாதி ஒரு பெண், தமிழ்ப் பிள்ளை, என்னைப் பார்த்து, "அங்கிள், உங்கள் வேலை முடிந்துவிட்டது. இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கீழே போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வாருங்கள்" என்றது. தே ஓ என்றால் பால் இல்லாத டீ. தன் கடன், என் கடன் இரண்டையும் அந்தப் பிள்ளை இரண்டே வாக்கியத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டது.

கீழே போனேன். வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். மலாய்க்காரர்கள் இதைப் 'புக்குல் லிமா' என்பார்கள், ஐந்து மணி மரம். பொழுது சாயும்போது இலைகளை மூடிக்கொள்ளும். 30 வருஷமாக இந்த ஊர்ச் சாலையெல்லாம் அதன் நிழலில்தான் போய்வந்திருக்கிறேன். மூடுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். ஒவ்வோர் இலையும் கைகூப்புவது போல மெல்ல மடிந்தது. அதுவரை பச்சையாக அடைத்திருந்த இடங்களில் வானம் தெரிய ஆரம்பித்தது. தே ஓ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

சென்ற மாதம் இதை வேறோர் இடத்தில் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து கேட்டார். "ஐயா, அம்மா நலமாகத் திரும்பி வந்ததால்தான் அந்த மரம் உங்களுக்கு அழகாகத் தெரிகிறது. வேறு மாதிரி ஆகியிருந்தால்?"

நல்ல கேள்வி. யோசித்துவிட்டு, எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். தம்பி, நான் மரத்தைப் பார்த்தது ஐந்தரை மணிக்கு. டாக்டர் வெளியே வந்தது எட்டு மணிக்கு.