மஞ்சளை விட்டுச் சாம்பலைப் பாருங்கள்: வேர்டில் சொல்லைப் பிடிக்கும் வழி

[திரையில்: ஐந்து காலிக் கட்டங்கள்]

வணக்கம். வேர்டில் என்கிற சொல் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இந்த நிலைமை தெரிந்ததுதான். இரண்டு எழுத்து மஞ்சளாகிவிட்டது, மூன்று எழுத்து சாம்பலாகிவிட்டது, சொல் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து எழுத்துகளைத் தட்டினால் நீளமாக ஒரு பட்டியலே கொட்டும். ஆனால் அந்தத் தளம் செய்கிற வேலையில் பாதியை நம் தலையே செய்யும். எப்படி என்று பார்ப்போம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு மட்டும்: ஜோஷ் வார்டில் என்பவர் 2021-இல் பொதுவெளியில் விட்டது, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஆறு வாய்ப்பு. பச்சை என்றால் எழுத்தும் இடமும் சரி. மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் வேறு. சாம்பல் என்றால் அந்த எழுத்தே இல்லை.

சரி, முதல் சொல்லாக ஸ்லேட் போடுகிறோம்.

[திரையில்: ஸ்லேட். எல் மஞ்சள், டீ மஞ்சள், மற்ற மூன்றும் சாம்பல்]

இங்கே பலரும் அந்த எல்லையும் டீயையும் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். என்னைக் கேட்டால், சாம்பலான மூன்றுதான் பெரிய லாபம். எஸ், ஏ, ஈ போய்விட்டன. உயிரெழுத்தில் மிச்சம் ஐ, ஓ, யூ, கூடவே ஒய். ஈ இல்லை என்று தெரிந்தாலே ஆங்கிலத்தில் பெருங்கூட்டம் கழிந்துவிடும்.

அடுத்து, மஞ்சள் சொல்லும் 'இல்லை'யைக் கவனியுங்கள். எல் இரண்டாம் இடத்தில் இல்லை, டீ நான்காம் இடத்தில் இல்லை. இதை மறந்துவிட்டு ஃபில்த், மல்டி என்று போட்டு ஒரு வரியை வீணாக்குகிறவர்கள் நிறைய. இரண்டிலும் டீ நான்காவதாகத்தான் நிற்கிறது.

இனி டீயை ஒவ்வொரு இடமாக உட்கார வைத்துப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துகள் தனியாக நடமாடுவது குறைவு, பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். டீ முதலில் நின்றால் பக்கத்தில் ஆர், எச், டபிள்யூ, இல்லையென்றால் ஓர் உயிரெழுத்து. அப்போது ட்ரோல், ட்ரூலி, ட்வர்ல், ட்யூலிப் வருகின்றன. டீ கடைசியில் நின்றால், முன்னால் எல் ஒட்டிக்கொண்டு பில்ட், கில்ட், க்வில்ட். எல் முதலிடத்துக்குப் போனால் லைட், லிமிட். நடுவில் நின்றால் பைலட். டீ நடுவிலும் எல் கடைசியிலும் என்றால் அன்டில்.

பாருங்கள், எந்தத் தளத்தையும் திறக்காமலே பதினொரு சொல் கைக்கு வந்துவிட்டது.

[திரையில்: பதினொரு சொற்களும் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன]

இரண்டாவது வரியில் கில்ட் போடுங்கள், குற்ற உணர்ச்சி என்கிற கில்ட். அதுவே விடை என்று நம்பி அல்ல, கூட்டத்தைப் பிரிப்பதற்காக. கடைசி டீ பச்சையானால் ஆறு சொல், ஆகாவிட்டால் ஐந்து. எல்லும் டீயும் சேர்ந்து பச்சையாகி ஜி சாம்பலானால் பில்ட், க்வில்ட் இரண்டே மிச்சம். டீ பச்சை, எல்லும் ஜியும் மஞ்சள் என்றால் லைட், முடிந்தது கதை.

இப்போது எல்லாரையும் கவிழ்க்கும் பொறி. கடைசி நான்கு எழுத்தும் பச்சை, முதல் எழுத்து மட்டும் தெரியவில்லை.

[திரையில்: முதல் கட்டம் காலி. பின்னால் ஐ, ஜி, எச், டீ பச்சையில்]

லைட், நைட், ஃபைட், மைட், ரைட், சைட், டைட், எய்ட். எட்டுச் சொல். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆட்டம் காலி. இங்கே கை தானாக அடுத்த 'ஐட்' சொல்லைத் தேடும், அதை அடக்கிக்கொண்டு ஃபிலிம்ஸ் என்று போடுங்கள். விடையாக வரவே முடியாத சொல்தான். ஆனால் எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே வரியில் விசாரித்துவிடும். எது நிறம் மாறுகிறதோ அதுதான் முதல் எழுத்து. நான்குமே சாம்பலா? அடுத்த வரியில் ட்ரெண்ட். ஆர் மஞ்சளானால் ரைட், ஈ மஞ்சளானால் எய்ட், என் மஞ்சளானால் நைட், டீ பச்சையானால் டைட். எட்டுச் சொல்லும் மூன்றே வரியில் அடக்கம். ஹார்ட் மோடில் மட்டும் இந்த வேலை பலிக்காது. கிடைத்த பச்சையை விடாமல் வைத்துக்கொண்டே ஆட வேண்டும் என்பது அங்கே விதி.

தேடல் தளம் வேண்டும் என்கிறவர்கள் ஒன்லுக் போகலாம். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி, எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி, அவ்வளவுதான். ஒரு விஷயம், இப்படிப்பட்ட தளங்கள் யாரும் பேசாத சொற்களையும் அள்ளிக் கொட்டும். வார்டிலின் துணைவி சுமார் 12,000 சொற்களைச் சலித்து, பழக்கமான சொற்களாக 2,500 அளவுக்குக் குறைத்துத்தான் முதல் விடைப்பட்டியல் உருவானது. பட்டியலில் நீங்கள் கேள்விப்படாத சொல் இருந்தால் கடைசியில் முயன்றால் போதும்.

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல்லாக்கிப் புள்ளி சேர்க்கிற ஸ்கிராபிள் வேறு கணக்கு. அங்கே யாரும் கேள்விப்படாத சொல்தான் காசு.

[திரையில்: ஸ்கிராபிள் கட்டைகள்]

1930-களில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஆல்ஃப்ரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கட்டைகளைப் பங்கிட்டார். மொத்தம் 100 கட்டை, அதில் ஈ மட்டும் 12. எஸ் வெறும் 4, பன்மையாக்கிச் சுலபமாகப் புள்ளி அள்ளிவிடக் கூடாது என்பதற்காக. ஆகையால் கையில் எஸ் வந்தால் சில்லறைச் சொல்லுக்குச் செலவழிக்காதீர்கள். க்யூ ஒன்றே ஒன்று, 10 புள்ளி. யூ வரும் வரும் என்று காத்திருப்பதைவிட, சீனச் சொல்லான சீ-யை, அதாவது க்யூவும் ஐயும் மட்டும், இறக்கிவிடலாம்.

கையில் இருக்கும் ஏழு கட்டையையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். அதற்குக் கட்டைகளைக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருங்கள். ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர் மூன்றும் அதே ஏழு எழுத்துதான், நம்புங்கள்.

எது செல்லும் என்பது அகராதியைப் பொறுத்தது. அமெரிக்கப் பட்டியல் ஒன்று, பிரிட்டன் பக்கம் ஆடும் காலின்ஸ் பட்டியல் இன்னொன்று. காலின்ஸில் தோசையும் இட்லியும்கூடச் செல்லும். எந்தப் பட்டியல் என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தோசையை வைத்த பிறகு கேட்டால் எதிராளி ஒத்துக்கொள்ள மாட்டார்.