பாசமா, அட்வான்ஸா?

நடுவர் அவர்களே, குன்னூர்க் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! பிரிந்த பாட்டுக்குழு மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் பாடக் கிளம்புவது பாசத்தாலா, பணத்தாலா என்பது தலைப்பு. பணத்தால்தான் என்கிறேன்.

எதிரணி அக்கா இங்கிலாந்து ராக் குழு ஓயசிஸின் அண்ணன் தம்பி கதையைச் சொல்லி உங்களைக் கலங்கவைத்தார். 2009-இல் முறைத்துக்கொண்டு பிரிந்த நோயலும் லியாமும் 2025 ஜூலையில் கார்டிஃப் மேடையில் கைகோத்து ஏறினார்களாம். ஏறினார்கள், சரி. டிக்கெட் விற்ற நாளை ஏன் அக்கா விட்டுவிட்டார்? 2024 ஆகஸ்டில் ரசிகர்கள் மணிக்கணக்காக ஆன்லைன் வரிசையில் காத்திருந்தார்கள். ஏறத்தாழ 150 பவுண்டு என்று நம்பி நின்றவர்கள் பலருக்கு, முறை வந்தபோது 355 பவுண்டு காட்டியது. நம்ம குன்னூர்த் தேயிலை ஏலத்தில்கூட வாங்குகிறவர்தான் விலையை ஏற்றிக் கேட்கவேண்டும். அங்கே நின்றவர் வாயே திறக்கவில்லை, விலை தானாக ஏறியது! இப்படி விற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது என்றது குழு. பாசக்காரர்கள் அதையல்லவா முதலில் விசாரித்திருப்பார்கள்?

அப்புறம், ஸ்வீடன் நாட்டு 'அப்பா' குழு, மறுபடி சேர்ந்து சுற்றுப்பயணம் போகத் தருவதாகச் சொன்ன 100 கோடி டாலரையே மறுத்ததே என்றார். பேரிலேயே அப்பா இருக்கிறார், பாசம் இருக்கத்தான் செய்யும்! ஆனால் பணம் வேண்டாம் என்றதும் சுற்றுப்பயணமும் இல்லை என்றாகிவிட்டதே, கவனித்தீர்களா? 2022-இல் லண்டனில் தனி அரங்கம் கட்டி, இளவயதுத் தோற்றத்தில் கணினி உருவங்களைப் பாடவிட்டார்கள். நால்வரும் வீட்டில். டிக்கெட் மட்டும் கவுண்டரில்.

நானும் மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தவன்தான். ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிவந்த ஜீப்புக்கு வாடகை யார் கொடுப்பது என்று பாடகரோடு சண்டை. மூன்று வருஷம் பேச்சில்லை. மாரியம்மன் திருவிழாக் கமிட்டி இருவருக்கும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்தது. சேர்ந்துவிட்டோம்! அன்று மூடுபனியில் தபேலாத் தோல் நமுத்துச் சுருதி இறங்கிக்கொண்டே போனது. பாட்டுக்குப் பாட்டு டீக்கடை அடுப்பில் காட்டி எடுத்துவந்தேன். முன்வரிசையில் ஒரு பாட்டி, "ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா தம்பி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாசம் முழுக்க அவரிடம்தான் இருந்தது, நடுவர் அவர்களே. திரும்பும்போது பாடகர் ஜீப்பில் முன் சீட்டு, நான் பின்னால் பெட்டிகளோடு.

அந்தப் பாடகர் இதோ, எதிரணியில் மூன்றாவது நாற்காலியில், பாசம்தான் என்று பேசக் காத்திருக்கிறார். அவர் எழுந்ததும் முதலில் அந்த ஜீப் வாடகையைக் கேளுங்கள்.