சிம் அட்டையை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை வட்டாரவாரியாக எப்படி அளப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. முதலில் இரண்டு எண்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி உலகில் 100 பேருக்கு 110-க்கும் மேற்பட்ட கைப்பேசி இணைப்புகள் இருக்கின்றன. அதே ஆண்டில் அதே ஒன்றியம் சொன்ன இன்னொரு கணக்கு: 100 பேரில் 32 பேர் இணையத்தைப் பயன்படுத்துவதே இல்லை.

இரண்டும் சரிதான். இரண்டு சிம் வைத்திருப்பவரை முதல் கணக்கு இரண்டு பேராக எண்ணுகிறது. கைப்பேசியே இல்லாதவரின் இடத்தில் இவருடைய இரண்டாவது சிம் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிறுவனங்களின் பதிவேட்டை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். ஆளை எண்ண வேண்டுமானால் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

தட்டினால் என்ன கேட்பது? ‘கடந்த 3 மாதங்களில் இணையத்தைப் பயன்படுத்தினீர்களா?’ என்பதுதான் உலக அளவில் வழக்கத்தில் உள்ள கேள்வி. எங்கிருந்து, எந்தக் கருவியில் என்பது பொருட்டில்லை. பேரன் கைப்பேசியில் ஒருமுறை காணொளி பார்த்த பாட்டியும், நாள் முழுக்க இணையத்திலேயே வேலை செய்பவரும் இதில் ஒரே எடை. இந்தத் தளர்ந்த வரையறையிலேயே 2024-இல் நகரங்களில் 83 சதவீதம், கிராமப்புறங்களில் 48 சதவீதம் என்றுதான் வந்தது. ‘உலகில் 68 சதவீதம்’ என்ற ஒற்றை எண்ணில் இந்த இடைவெளி தெரியவே தெரியாது.

அப்படியென்றால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி எண் எடுத்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரிக் கணக்கெடுப்பும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. ஆனால் வட்டாரங்கள் ஒரே பானை இல்லை. தனித்தனி அடுப்பில், தனித்தனித் தீயில் இருப்பவை. நாடு முழுமைக்கும் சில ஆயிரம் வீடுகளைக் கேட்டால் நாட்டின் நிலை ஓரளவு தெரியும். அதே வீடுகளை மாவட்டவாரியாகப் பிரித்தால் ஓரிடத்துக்குச் சில பத்து வீடுகள்தான் மிஞ்சும். அதை வைத்து ‘இந்த மாவட்டம் அதைவிட முந்திவிட்டது’ என்று அறிவிப்பது என் கணக்கில் குறி சொல்வதுதான்.

பல அளவுகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண் போடும் முறையும் உண்டு. 2009-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப வளர்ச்சிக் குறியீட்டில் அணுகலுக்கு 40, பயன்பாட்டுக்கு 40, திறனுக்கு 20 சதவீத எடை இருந்தது. திறனைக் கணிக்கக் கல்வி தொடர்பான புள்ளிவிவரங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போனவருக்கெல்லாம் இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியுமா?

இடைவெளி குறைகிறதா, கூடுகிறதா என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கற்பனைக்கு, ஒரு வட்டாரம் 10 சதவீதத்திலிருந்து 20-க்கு வருகிறது. இன்னொன்று 60-லிருந்து 75-க்குப் போகிறது. முன்பு இரண்டாவது முதலாவதைப் போல் 6 மடங்கு, இப்போது 4 மடங்குக்கும் குறைவு. இடைவெளி சுருங்கிவிட்டது என்று ஒருவர் மேடையேறலாம். முன்பு வித்தியாசம் 50 புள்ளி, இப்போது 55. அகன்றுவிட்டது என்று அடுத்தவர் அதே மேடையில் பேசலாம். இருவர் கையிலும் ஒரே தாள்!

பொது இணைய மையங்களின் கணக்கும் இப்படித்தான். கதவு பூட்டியே கிடந்தாலும் பட்டியலில் அது ஒரு மையம். எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, எத்தனை கணினி வேலை செய்கிறது, சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்பதை யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அது செலவு பிடிக்கிற வேலை. அதனால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அளவுகோல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் நல்ல பாடம். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துண்டில் ஒரே ஒரு வீட்டுக்கு அகலக்கற்றை, அதாவது அதிவேக இணைய இணைப்பு கிடைத்தாலும் அந்தத் துண்டு முழுவதுக்கும் கிடைத்ததாகவே பல ஆண்டுகள் கணக்கு வைத்தார்கள். நகரத்தில் ஒரு துண்டு என்பது ஒரு தெருச் சதுக்கம். அங்கே பெரிய பிழை வராது. கிராமப்புறத்தில் அதுவே பல மைல் அகலம். ஒரு மூலையில் வந்த கம்பி, மறுமூலையில் இருந்த வீட்டை வரைபடத்திலிருந்தே அழித்துவிட்டது.

இதைச் சரிசெய்ய 2020-இல் சட்டமே போட்டார்கள். 2022 நவம்பரில் கட்டடம் கட்டடமாகக் காட்டும் புதிய வரைபடம் வந்தது. மறு ஆண்டு அகலக்கற்றை விரிவாக்கத்துக்கான 4,245 கோடி டாலர் நிதியை மாநிலங்களுக்குப் பிரித்ததும் இந்த வரைபடத்தை வைத்துத்தான். தன் வீட்டைப் பற்றிய பதிவு தவறு என்றால் குடிமகனே ஆட்சேபம் எழுப்பலாம் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. அருமையான ஏற்பாடுதான்.

அந்த ஆட்சேபத்தைப் பதிவு செய்ய வேண்டிய இடம், இணையதளம்.

நன்றி, வணக்கம்.